ஞாயிற்றுக்கிழமைக் கேமராவுக்குக் கூலி வாங்கலாமா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கேள்வி

அணைக்கட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 37. மனைவி, இரண்டு பிள்ளைகள், இன்னும் ஒன்பது ஆண்டுகள் கட்டவேண்டிய வீட்டுக் கடன். பழையதாக வாங்கிய கேனான் 1500டி ஒன்றும், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு விடியற்காலையில் கே.ஆர்.பி. அணைக்குப் போய், தென்பெண்ணை நீரின் மேல் பனி கலைவதற்குள் பரிசலில் வலை இழுப்பவர்களையும் நீர்க்காகங்களையும் படமெடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் என் பொழுதுபோக்கு.

சென்ற ஆண்டு அலுவலக நண்பர்கள் வீட்டு விசேஷங்கள் நான்கிற்குப் பணம் வாங்காமல் படமெடுத்துக் கொடுத்தேன். இப்போது ஐந்தாவதாக ஒருவர், தம் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, நான் வேண்டாம் என்று மறுத்தும் 2,000 ரூபாயை முன்பணமாக என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரமாக அந்த நான்கு 500 ரூபாய்த் தாள்களும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. "வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதாக இருக்காது" என்று மனைவி சொல்லிவிட்டாள். இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஆலைக்குப் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும் நாட்களும் வைகாசி, ஆனி முகூர்த்தங்களும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நாட்களில் எனக்கு விடுப்புக் கிடைக்காது. இந்த நிலையில் இதைத் தொழிலாக, பகுதி நேரமாகவேனும், தொடங்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லவேண்டும்.

இருட்டறை எழுதியது:

தம்பி, நான் ஃபிலிம் காலத்திலிருந்து இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். சிவப்பு விளக்கின் கீழ் தட்டில் பேப்பரை ஆட்டி ஆட்டிக் கழுவிய கையோடுதான் இப்போது மவுஸ் பிடிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இனாமாக எடுத்துக் கொடுத்த அந்த நான்கு விசேஷங்களில், படத்தைப் பார்த்துவிட்டுக் குறை சொன்னவர் யார், என்ன சொன்னார்? பாராட்டியவர்களை விடுங்கள். பணம் கொடுக்காதவர் பாராட்டத்தான் செய்வார்.

ஊத்தங்கரை வாசகி எழுதியது:

அண்ணா, நான் ஊத்தங்கரையில் நான்கு ஆண்டுகளாகக் குழந்தைப் படங்களும், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்ற பெண்கள் விசேஷங்களும் மட்டும் எடுக்கிறேன். அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள் என்பதால் நான் வேறொன்றைச் சொல்கிறேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்திலும் புடவை மாற்றும் அறையிலும் ஓர் ஆண் கேமராவோடு நிற்பதை நம் பக்கத்தில் எந்த வீட்டுப் பெண்களும் வாய்விட்டு மறுப்பதில்லை, ஆனால் அந்தப் பெண் குழந்தையின் தோள் இறுகிப்போவது படத்தில் தெரிந்துவிடும். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில் முன்பணம் கொடுத்திருக்கலாம். அந்த விசேஷம் உங்களுக்கு ஏற்றதா என்று தொகையைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

வரவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் எனக்குக் காலி. ஆடியில் குலதெய்வக் கோயில்களில் மொட்டையும் காதுகுத்தும் நடப்பதால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். தை மாதத்து வரவை ஆடி வரை பிரித்து வைக்கத் தெரியாமல் முதல் ஆண்டில் நகையை அடகு வைத்தேன். மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடாது.

அணைக்கட்டுக்காரன் எழுதியது:

இருட்டறை ஐயா, நீங்கள் கேட்டதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு காதணி விழா. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி கம்பியை எடுத்தபோது அதன் கீழுதடு பிதுங்கி, இடது கண்ணில் ஒரு சொட்டு நீர் இமை முடியில் தொங்கியது. நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, லென்ஸை முழுவதும் திறந்து, எஃப் 1.8இல் அந்தச் சொட்டைப் பிடித்துவிட்டேன். அன்று இரவு அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் தாய் தொலைபேசியில் அழைத்து, "படமெல்லாம் அழகா இருக்குங்கண்ணா, ஆனா எங்க அண்ணன் எங்கே?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. திறந்து பார்த்தால், இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் தாய்மாமனின் கை இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது, வேட்டிக் கரை இருக்கிறது. முகம் இருக்கும் படங்களிலெல்லாம் அது வெண்ணெய் போல் கலங்கிக் கிடக்கிறது. அவர் மேளதாளத்தோடு 21 தட்டுச் சீர் கொண்டுவந்தபோது நான் மண்டப வாசலில் தோரணத்தின் வழியாக விழுந்த வெயிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அந்தச் சீருக்காக எங்கே கடன் வாங்கினாரோ, தெரியாது.

இருட்டறை எழுதியது:

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இதில் உங்கள் லென்ஸின் கணக்கும் இருக்கிறது, உங்கள் மனத்தின் கணக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் கேமராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்தான். குழந்தையின் கண் அதற்குள் இருக்கும், அதன் பின்னால் ஒரு சாண் தள்ளி இருக்கும் மாமன் முகம் இருக்காது. இன்னும் ஒரு மீட்டர் பின்வாங்கி, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 5.6 வைத்திருந்தால் அரை மீட்டர் ஆழம் கிடைத்திருக்கும். கண்ணீரும் வந்திருக்கும், மாமனும் வந்திருப்பார். பின்னணியில் தண்ணீர்க் கேனும் பிளாஸ்டிக் நாற்காலியும் சேர்ந்து வந்திருக்கும் என்பதுதான் நீங்கள் பின்வாங்காததற்குக் காரணம். அந்த நாற்காலி உங்களை உறுத்துகிறது, அந்த வீட்டாரை உறுத்தவில்லை. அதில் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய பெரியப்பா.

விசேஷத்தில் ஸ்டூடியோக்காரன் முதலில் செய்யவேண்டியது கேமராவை வெளியே எடுப்பது அன்று. வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், மாமன் யார், அத்தை யார், யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு மாலை முதலில் போகவேண்டும், வெளியூரிலிருந்து வந்து சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பப்போகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் வீடுகள் இருப்பதால் சடங்கின் வரிசையே வீட்டுக்கு வீடு மாறும். அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாதவன் எவ்வளவு நல்ல கண்ணோடு இருந்தாலும் அந்த நிமிடம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடக்கும்.

இப்போது பணக் கணக்கு. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பும், மறுநாள் விடியற்காலை முகூர்த்தமும் சேர்த்து ஒரு கேமராவில் 4,000 படங்கள் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டரின் ஆயுள் 2,00,000 படம் என்றால் 50 திருமணங்களில் அது தீர்ந்தது. லென்ஸ் இல்லாத கேமரா பாடியின் விலை 1,20,000 என்றால் ஒவ்வொரு திருமணத்திலும் 2,400 ரூபாய் கேமராவிலிருந்தே கரைகிறது. பெட்ரோல், உதவிக்கு வரும் பையனின் பேட்டா, ஆல்பம் அடிக்கும் லேப் கூலி எல்லாம் அதற்கு மேல். 4,000 ரா கோப்புகள், அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படங்கள், ஒன்று 25 எம்.பி. என்றால் 100 ஜி.பி.; இரண்டு பிரதி வைத்தால் 200 ஜி.பி. ஒரு படத்துக்கு மூன்று நொடி செலவழித்துத் தேர்வு செய்தால் அதற்கே மூன்று மணி 20 நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் நிறம் திருத்துவதும் ஆல்பம் வடிவமைப்பதும். 15,000 ரூபாயை இந்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்துவிட்டு, ஆலையில் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கேமராவில் ஒரு மெமரி கார்டுதான் போடமுடியும். உங்கள் அணைக்கட்டுக்கு அது போதும், ஆனால் தாலி கட்டும் நேரத்தில் கார்டு போனால் தாலியை இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியாது. நிக்கான் டி7200 போன்ற பழைய பாடியிலேயே இரண்டு கார்டு இடம் உண்டு. பணம் வாங்குவதென்றால் அதுதான் முதல் செலவு.

ஓசூர்வாசி எழுதியது:

எல்லோரும் திருமணத்தையே பேசுவதால் குறுக்கிடுகிறேன். ஓசூரில் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு தொழிற்கூடங்களுக்கு உதிரிபாகப் படங்கள் எடுக்கிறேன். கியர், வால்வு, ரப்பர் வளையம் ஆகியவைதான் என் மணமக்கள். யாரும் கண் சிமிட்டுவதில்லை, யாருக்கும் மாமன் கிடையாது. வேலை நாளில் பகலில் வேலை, மாதக் கடைசியில் பில். பணம் 60 நாள் தள்ளி வரும் என்பது ஒன்றுதான் தொல்லை. மாங்கூழ் ஆலையிலேயே இருக்கும் அணைக்கட்டுக்காரர் தம் கண்ணெதிரே இருக்கும் பொருளை ஏன் பார்க்கவில்லை என்று தெரியவில்லை.

சட்டத்திலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்று எடுத்த நிழற்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது, இனாமாக எடுத்த அந்தக் கண்ணீர்த்துளிப் படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுக்கும் படம் உங்கள் நண்பருடையது. அதை இன்ஸ்டாகிராமில் போடுவதற்குக்கூட அவரிடம் எழுதி வாங்கியிருக்கவேண்டும்.

இருட்டறை எழுதியது:

ஓசூர்வாசி சொல்வது எனக்குப் புதிதாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் எடுத்த படங்களைக் கடை வாசலில் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. கேமரா என்னுடையது, நெகட்டிவ் என்னுடையது, படம் மட்டும் எப்படி அவருடையதாகும்?

ஓசூர்வாசி எழுதியது:

நெகட்டிவ் உங்கள் பெட்டியில் இருப்பதும் பதிப்புரிமை உங்களிடம் இருப்பதும் வேறு வேறு, ஐயா. வீட்டுப் பத்திரம் அடகுக்கு வாங்கியவர் பெட்டியில் இருக்கிறது என்பதற்காக வீடு அவருடையதாகிவிடுமா? முன்பணம் வாங்கும்போதே, தேதி, நேரம், எத்தனை படம், ஆல்பம் எந்த அளவு, எத்தனை நாளில், மீதி எப்போது, படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. நம் ஊரில் தாளை நீட்டினால் நம்பிக்கையில்லையா என்று கேட்பார்கள். மண்டபத்துக்காரர் நீட்டும் தாளில் மட்டும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறார்களே!

பதிவுகளைப் பற்றி யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகவேண்டாம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு வகையில் 50,000 வரையும், கிஷோர் வகையில் 5 லட்சம் வரையும் கடன் உண்டு. ஆனால் வீட்டுக் கடன் இருக்கும்போது லென்ஸுக்குக் கடன் வாங்குவதைவிட, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் நாள் வாடகைக்கு எடுப்பது மேல். டிரோன் ஆசை வந்தால் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்: 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

அரூர் உரக்கடை எழுதியது:

நான் இந்தத் தொழிலுக்குப் போய்த் திரும்பி வந்தவன். மூன்று ஆண்டுகள் திருமணப் படம் எடுத்தேன். நட்டமில்லை, உரக்கடையில் கிடைப்பதைவிடச் சில மாதங்களில் அதிகமாகவே வந்தது. பெண்ணாகரம், அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் பறவை தேடித் திரிந்ததால்தான் எனக்குக் கேமராவே பிடித்தது. தொழிலான பிறகு, இரவு வரவேற்பு முடிந்து விடியற்காலை முகூர்த்தமும் முடிந்து ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து படுக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே வேம்பில் செம்போத்து கத்தும். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அது ஒரு நாள் அலுப்பு என்று நினைத்தேன். ஒன்றரை ஆண்டுகள் பறவையைப் பார்த்து ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதை மெமரி கார்டைத் துடைத்தபோதுதான் கவனித்தேன்.

பறவைப் படங்களையே விற்றுப் பிழைக்கலாமே என்று கேட்பீர்கள். இணையத்தில் விற்கும் தளங்களில் ஒரு படத்துக்குக் கிடைப்பது டீச் செலவுக்குக் காணாது. இங்குள்ள காடு பெரும்பகுதி காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது; 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படமெடுக்கப் போக அனுமதி வேண்டும். யானைகள் நடமாடும் இடம் என்பதால் அதை வெறும் காகிதச் சடங்காகவும் நினைக்கவேண்டாம்.

எனக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேரும் என்று சொல்லமாட்டேன். திருமண வீட்டின் சத்தமும் சிரிப்பும் பிடித்துத்தான் கேமராவைத் தூக்கினார்கள் என்றால் அவர்களுக்கு இது வரம். நானும், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நீங்களும், ஆளில்லாத இடத்தைத் தேடிப் போனவர்கள்.

ஊத்தங்கரை வாசகி எழுதியது:

அரூர் அண்ணா சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். நானும் முதலில் பூவும் மழைத்துளியும் எடுத்தவள்தான், மனிதரைப் படமெடுக்கக் கூச்சப்பட்டவள். எட்டு நாள் குழந்தையைத் துணியில் சுற்றி, அறையை வெதுவெதுப்பாக்கி, அது தூங்கும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுக்கும்போது, மழைத்துளிக்குக் காத்திருந்த அதே பொறுமைதான் வேலை செய்கிறது. அணைக்கட்டு அண்ணாவுக்குத் தாய்மாமன் கண்ணில் படாமல் போனது ஆள் பிடிக்காததால் என்று நான் நினைக்கவில்லை. அவர் யார் என்று அண்ணாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. யாரிடமாவது கொஞ்ச நாள் இரண்டாவது கேமராவாகப் போகலாம்.

அணைக்கட்டுக்காரன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இருட்டறை ஐயா சொன்ன தேய்மானம், கார்டு, ஆல்பம் கூலி எல்லாவற்றையும் கழித்தால் அந்த 15,000இல் கையில் நிற்பது 5,000க்கும் குறைவு. அதற்கு நான் கொடுக்கவேண்டிய நேரம் 30 மணிக்குக் குறையாது. ஆலையில் கூடுதல் நேரம் பார்த்தாலே அதைவிட மேல். ஆகவே பணத்துக்காக இதைச் செய்கிறேன் என்று இனி வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது.

மஞ்சள் நீராட்டு விழாவை வாசகியிடம் ஒப்படைத்துவிட்டேன். நண்பரிடம் பெண்கள் பக்கத்துக்குப் பெண் ஒருவர் இருந்தால் நல்லது என்று சொன்னபோது, அவர் மனைவி உள்ளிருந்து "அதைத்தான் நானும் சொல்ல நினைச்சேன்" என்றார். 2,000 ரூபாய் வாசகிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தாய்மாமன் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்கப் போவதாகத்தான் கிளம்பினேன். அவர் மன்னிப்பைப் பற்றிப் பேசவே விடாமல் டீ போடச் சொன்னார். கேமராவை எடுத்து, அவரையும் குழந்தையையும் வாசல் திண்ணையில் உட்காரவைத்து எஃப் 5.6இல் எடுத்தேன். பின்னால் டி.வி.எஸ். வண்டியும் ஒரு நீல பக்கெட்டும் விழுந்திருக்கின்றன. அவற்றை வெட்டிவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். "வண்டி இருக்கட்டும் தம்பி, அது எங்கப்பா வாங்கினது" என்றார்.

ஓசூர்வாசியின் யோசனைப்படி எங்கள் ஆலை மேலாளரிடம் கூழ் டப்பாக்களைப் படமெடுத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆவணியில் மாம்பழ வரத்து முடிந்து ஆலை ஓய்ந்துவிடும் என்பதால், அந்த மாதத்து முகூர்த்தங்கள் இரண்டிற்கு இருட்டறை ஐயாவிடம் இரண்டாவது கேமராவாக வரலாமா என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். கூலி பேசவேண்டாம். இரண்டும் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அலாரம் அடிக்கும்போது அணைக்குப் போகத் தோன்றுகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன்.

இருட்டறை எழுதியது:

வாருங்கள். பேட்டா எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, அதில் பேச்சில்லை. முதல் முகூர்த்தம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை, அதனால் மூன்று மணிக்கு மண்டபத்தில் இருக்கவேண்டும். மண்டப விளக்கின் கீழ் ஷட்டரை நூறில் ஒரு பங்கு நொடியிலேயே வையுங்கள்; நம் மின்சாரத்துக்கு அதைவிட வேகமாகப் போனால் சில விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை விழும். பெண் வீட்டு மாமன்கள் மூன்று பேர், பெயர்களை முந்தின நாளே எழுதித் தருகிறேன், மனப்பாடம் செய்துவிடுங்கள். அந்த 50 லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். 24-70 எம்.எம். லென்ஸை நான் தருகிறேன்.